'புட் ஆஃப்': தள்ளிப்போடத் தெரிந்தவர்களுக்கு ஒரு ஃப்ரேசல் வெர்ப்

'தள்ளிப்போடு' என்ற வினையைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். தள்ளி, போடு. தேர்வைத் தள்ளிப்போட்டார்கள் என்றால் யாரும் எதையும் கையால் தள்ளவில்லை, எங்கேயும் கொண்டுபோய்ப் போடவும் இல்லை. இரண்டும் சேர்ந்ததும் புதிதாக ஒரு பொருள் வந்துவிட்டது. விட்டுக்கொடு, கண்டுபிடி, ஒத்துக்கொள் என்று இப்படிப்பட்ட வினைகளை நாள் முழுக்க யோசிக்காமலே பேசுகிறோம். ஆங்கிலத்தில் ஃப்ரேசல் வெர்ப் என்பதும் இதே வேலைதான். அதனால் அதைப் பார்த்துத் தமிழர்கள் பயப்படக் காரணமே இல்லை.

ஐம்பது ஃப்ரேசல் வெர்ப்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பேசும்போது அவற்றில் ஒன்றுகூட வாயில் வராது. ஒன்றை எடுத்து அடிவரை பார்த்துவிட்டால், அடுத்தது தானாகப் பழகும். இங்கே எடுத்துக்கொள்வது 'புட் ஆஃப்'. 'புட்' என்றால் போடு, 'ஆஃப்' என்றால் விலகி, அப்பால். நம்முடைய தள்ளிப்போடுதானே இது!

படி 1: முதலில் வாய்க்குப் பழக்குங்கள்

'கட்', 'பட்' போல இதைப் 'பட்' என்று சொல்லிவிடாதீர்கள். எழுத்து ஒரே மாதிரி இருந்தாலும் இதில் உகரம் வரும்: புட். 'ஆஃப்' என்பதில் எஃப் எழுத்து இரண்டு. ஒன்றை விட்டுவிட்டால் அது 'ஆவ்' என்று ஒலிக்கும் வேறு சொல்.

நேற்று, இன்று, நாளை எல்லாவற்றுக்கும் 'புட்' மாறாது. 'புட்டட்' என்று இறந்தகாலம் கிடையாது. 'ஹி புட்ஸ் இட் ஆஃப்' என்றால் வழக்கமாகத் தள்ளிப்போடுகிறான். 'ஹி புட் இட் ஆஃப்' என்றால் தள்ளிப்போட்டான். அந்தச் சின்ன 'ஸ்' ஒலிதான் காலத்தையே காட்டுகிறது. 'ஐ' வந்தால் அந்த அடையாளமும் இல்லை, ஆகவே 'யெஸ்டர்டே' மாதிரி ஒரு காலச்சொல்லைச் சேர்த்துவிடுவது நல்லது. தொடர்ந்து நடப்பதற்கு 'புட்டிங்', எழுதும்போது டி எழுத்து இரண்டு.

படி 2: எதை, எங்கே வைப்பது?

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

த டீச்சர் புட் ஆஃப் த டெஸ்ட்.
த டீச்சர் புட் த டெஸ்ட் ஆஃப்.

இரண்டும் சரி. ஆசிரியர் தேர்வைத் தள்ளிப்போட்டார். பெயர்ச்சொல் பின்னாலும் நிற்கலாம், நடுவிலும் நுழையலாம். ஆனால் 'த டெஸ்ட்' என்பதற்குப் பதிலாக 'இட்' வந்தால் ஒரே வழிதான்:

த டீச்சர் புட் இட் ஆஃப்.

'புட் ஆஃப் இட்' என்று வராது. 'இட்', 'தெம்' போன்ற சொற்களுக்குக் கனம் இல்லை, வேகமாகச் சொல்லிக் கடந்துபோகிறோம். ஆங்கில வாக்கியமோ முடியும்போது ஓர் அழுத்தத்தை எதிர்பார்க்கும். அந்த அழுத்தத்தைத் தாங்க 'ஆஃப்' கடைசியில் வேண்டும், 'இட்' நடுவில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: புட்டிட்டாஃப். மூன்று சொல்லும் ஒட்டிக்கொண்டு, கடைசி அசையில் குரல் ஏறும். பத்து முறை சொன்னால் விதி தேவையில்லை, காதே தவறைப் பிடித்துவிடும்.

பெயர் நீளமாக இருந்தால் மட்டும் நடுவில் திணிக்காதீர்கள். 'ஷி புட் ஆஃப் த மீட்டிங் வித் த நியூ மேனேஜர்' என்று பின்னால் விடுவதுதான் கேட்க நன்றாக இருக்கும்.

படி 3: ஒரு செயலைத் தள்ளிப்போடும்போது

பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிக்கொண்டே வருகிறீர்கள். எப்படிச் சொல்வது?

ஐ கீப் புட்டிங் ஆஃப் கோயிங் டு த டென்டிஸ்ட்.

இங்கே 'டு கோ' என்று போடுவது தவறு, 'கோயிங்' வேண்டும். குழப்பமாக இருந்தால் தமிழைக் கேளுங்கள். 'போகத் தள்ளிப்போட்டேன்' என்று நாம் சொல்வோமா? மாட்டோம். 'போவதைத் தள்ளிப்போட்டேன்' என்போம். தமிழில் 'போவதை' வரும் அதே இடத்தில்தான் ஆங்கிலத்தில் 'கோயிங்' வருகிறது. 'எழுதுவதை' என்றால் 'ரைட்டிங்', 'சொல்வதை' என்றால் 'டெல்லிங்'. இந்த ஒரு பொருத்தம் எனக்குப் புரிந்த நாளில் 'புட் ஆஃப்' மேல் இருந்த பயமே போய்விட்டது.

'கீப் புட்டிங் ஆஃப்' என்பதையும் ஒரு தொகுப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். 'தள்ளித் தள்ளிப் போடுகிறேன்' என்பதன் சுவை அதில் இருக்கிறது.

படி 4: எதுவரை?

இங்கே மட்டும் தமிழ் கொஞ்சம் ஏமாற்றும். 'திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போட்டார்கள்' என்பதில் உள்ள 'க்கு' நம்மை 'டு மன்டே' என்று சொல்ல இழுக்கும். 'அன்டில் மன்டே' என்று பழகிக்கொள்ளுங்கள்: தே புட் ஆஃப் த மீட்டிங் அன்டில் மன்டே. எவ்வளவு காலம் என்றால் 'ஃபார் எ வீக்', ஒரு வாரத்துக்கு.

படி 5: பக்கத்து வீட்டுக்காரர்களோடு கலக்காதீர்கள்

ஒருமுறை கூட்டம் தள்ளிப்போனதைத் தெரிவிக்க, 'த மீட்டிங் இஸ் கால்ட் ஆஃப்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். 'கால் ஆஃப்' என்றால் ரத்து. கூட்டமே கிடையாது என்று நினைத்து, புதிய தேதியில் பாதிப் பேர் வரவில்லை. கூட்டம் இன்னொரு நாள் நடக்கும் என்றால் 'புட் ஆஃப்', நடக்கவே நடக்காது என்றால் 'கால் ஆஃப்'.

அப்புறம், சட்டையைப் போடுவது 'புட் ஆன்' என்பதால் கழற்றுவது 'புட் ஆஃப்' ஆகிவிடாது. அதற்கு 'டேக் ஆஃப்'.

படி 6: இன்னொரு பொருள்

த ஸ்மெல் புட் மீ ஆஃப். இங்கே வாடை என்னை வேறு தேதிக்கு ஒத்திவைக்கவில்லை, அந்த வாடையில் எனக்கு வெறுத்துப்போய்விட்டது. 'டோன்ட் பி புட் ஆஃப் பை த பிரைஸ்' என்றால், விலையைப் பார்த்துப் பின்வாங்காதே. எது எந்தப் பொருள் என்று கண்டுபிடிக்க, நடுவில் நிற்பது வேலையா ஆளா என்று பாருங்கள். வேலை என்றால் தள்ளிப்போடுதல். ஆள் என்றால் பெரும்பாலும் மனம் விலகுதல்.

படி 7: உங்கள் வாக்கியம்

நீங்கள் உண்மையிலேயே தள்ளிப்போட்டு வைத்திருக்கும் ஒரு காரியத்தை எடுங்கள். பழைய நண்பருக்குச் செய்யவேண்டிய ஒரு போன் என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்று விதமாக எழுதுங்கள்.

ஐ புட் ஆஃப் த கால் யெஸ்டர்டே.
ஐ கீப் புட்டிங் இட் ஆஃப்.
ஐ வோன்ட் புட் ஆஃப் காலிங் ஹிம் எனி லாங்கர்.

முதல் வாக்கியத்தில் பெயர், இரண்டாவதில் 'இட்', மூன்றாவதில் 'காலிங்'. எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள். மூன்றாவது வாக்கியத்தைப் படித்து முடித்ததும் போனை எடுத்துவிடுங்கள்.