ஊருக்குப் போய்ப் பல் கட்டுவதா? இரண்டு பயணமாகத் திட்டமிடுங்கள்

லண்டனிலும் டொராண்டோவிலும் நம்மவர்கள் பலர், விழுந்த பல்லை ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். செலவுதான் காரணம். பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். மூலம் இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் ஸ்குரூ வைத்து அதன்மேல் பொருத்தும் செயற்கைப் பல்) பெரும்பாலும் கிடைக்காது. கனடாவின் அரசு பல் காப்பீட்டிலும் இடமில்லை. சென்னையில் செலவு வெகுவாகக் குறையும், கைதேர்ந்த டாக்டர்களும் இருக்கிறார்கள். போய்ச் செய்யுங்கள். ஆனால் நான்கு வார லீவுக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

தாடைக்குள் வைக்கும் டைட்டானியம் ஸ்குரூவை எலும்பு தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். சுவீடனைச் சேர்ந்த பிரேனிமார்க் 1965-இல் முதல் நோயாளிக்கு வைத்ததிலிருந்து இந்த முறைக்கு அடிப்படையே அதுதான். கீழ்த்தாடைக்கு ஏறக்குறைய 3 மாதம் பிடிக்கும். மேல்தாடை எலும்பு மென்மையானது, 4 முதல் 6 மாதம்கூட ஆகலாம். அதன் பிறகுதான் நிரந்தரமான கேப், அதாவது ஸ்குரூவின்மேல் பொருத்தும் பல். பொங்கலையொட்டிப் போய் ஸ்குரூ வைத்துக்கொண்டு, பிள்ளைகளின் கோடை விடுமுறையில் கேப் போட்டுக்கொண்டு வருவது பலருக்கும் தோதாக இருக்கும். "மூன்றே நாளில் பல்" என்று யாராவது சொன்னால், அது தற்காலிகப் பல்லா நிரந்தரப் பல்லா என்று கேளுங்கள். எலும்பு உறுதியாக இருந்தால் தற்காலிகப் பல்லை உடனே பொருத்துவது உண்டு. எல்லோருக்கும் அது சரிப்படாது.

பிடுங்க வேண்டிய பல் இன்னும் வாயில் இருந்தால், கிளம்புவதற்குச் சில மாதம் முன்பே பிடுங்கிவிடலாமா என்று இங்குள்ள டாக்டர், ஊரிலுள்ள டாக்டர் இருவரிடமும் கேளுங்கள். பல் போய்ப் பல வருடம் ஆகியிருந்தால் அந்த இடத்து எலும்பு தேய்ந்திருக்கும். அதைச் சேர்த்து வளர்க்க நேர்ந்தால் இன்னும் சில மாதம் கூடும். சி.பி.சி.டி. ஸ்கேன் (தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் எக்ஸ்ரே) பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது. முடிந்தால் இங்கேயே எடுத்து முன்கூட்டி அனுப்பிவிடுங்கள். மேல் கடைவாயில் சைனஸை (மூக்கையொட்டிய காற்றறையை) உயர்த்தி எலும்பு வைத்தால் சில காலம் மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. விமானம் ஏறுவதையும் டாக்டர் சொல்லும்வரை தள்ளிப்போட வேண்டும். டிக்கெட்டை அதற்கேற்ப எடுங்கள்.

சாப்பிடும் மருந்து ஒன்றையும் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கும் அம்மாக்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், தாடை எலும்பு ஆறுவதையே அது பாதிக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. முடிவைக் கையோடு கொண்டுபோங்கள். சிகரெட், வெற்றிலை-பாக்கு, புகையிலை எல்லாம் நிறுத்தியாக வேண்டும்.

அறுவையை லீவின் முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் கூடும், தையல் பிரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். கல்யாண விருந்துகள் அதற்கப்புறம் இருக்கட்டும். அதுவரை ஆறிய கஞ்சி, குழைந்த ரசம் சாதம், இட்லி.

டாக்டரின் பதிவு தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் இருக்கிறதா என்று பாருங்கள். செயற்கைப் பல், ஈறு, வாய் அறுவை ஆகிய துறைகளில் ஒன்றில் எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) படித்தவராக இருந்தால் நல்லது. இந்தியப் பாஸ்போர்ட்டோ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டையோ இல்லாதவர்கள் (யாழ்ப்பாணத்துக்காரர் பலர் இதில் அடங்குவர்) மருத்துவ விசா பற்றி முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

நான் மிக வலியுறுத்துவது ஒன்று: இம்ப்ளாண்ட் வரும் பெட்டியிலுள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். ஸ்ட்ராமன், நோபல் பயோகேர், ஆஸ்டெம் என்று எந்த நிறுவனமானாலும் மாடல், அளவு, லாட் எண் அதில் இருக்கும். இரண்டு வருடம் கழித்து டொராண்டோவில் கேப் ஆட ஆரம்பித்தால், அங்குள்ள டாக்டருக்கு அதே நிறுவனத்துக்குப் பொருந்தும் கருவியும் பாகமும் தேவை. விவரம் தெரியாவிட்டால் தொடவே தயங்குவார். கேப்பைச் சிமெண்ட் வைத்து ஒட்டாமல், முடிந்தவரை ஸ்குரூவால் முடுக்கச் சொல்லுங்கள். கழற்றிச் சரிசெய்வது எளிது. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களையும் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் முறை வரவே முடியாதவர்களுக்குப் பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்டு ஒட்டும் செயற்கைப் பல்) இருக்கிறது. ஓரிரு வாரத்தில் முடியும். பக்கத்துப் பற்கள் நல்ல பற்களாக இருந்தால் அவற்றை ராவ வேண்டியிருக்கும் என்பதால் எனக்கு அதில் மனமில்லை. அவை ஏற்கெனவே கேப் போட்ட பற்களாக இருந்தால் தாராளமாகப் பிரிட்ஜே போட்டுக்கொள்ளலாம்.