விருது விழா இரவில் சண்டை வராமல் சினிமா பேசுவது எப்படி?

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துச் சாயாக்கடைகளில் தமிழ்ப் படமும் மலையாளப் படமும் ஒரே மூச்சில் அலசப்படுவதால், வாக்குவாதம் முற்றுவதற்கு முன் முதலில் ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேசியத் திரைப்பட விருதுக்குப் படம் திரைக்கு வந்த நாளை அல்ல, தணிக்கைச் சான்றிதழ் பெற்ற ஆண்டையே கணக்கில் எடுப்பார்கள். 2024 ஜனவரியில் திரையரங்குக்கு வந்த ‘ஆட்டம்’ என்ற மலையாளப் படம் 2022ஆம் ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வானது இப்படித்தான். இது தெரியாமல் மேசையைத் தட்டிப் பேசி, கடைசியில் ஆடை படிந்து ஆறிப்போன சாயாவைக் குடித்தவன் நான்.

நடிகர்களை ஒப்பிடும்போது எந்த விருது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நடுவர் குழு தேர்ந்தெடுக்கும் கேரள மாநில விருதையும், தொலைக்காட்சிக்காக நடக்கும் தனியார் விழாவையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. கமல்ஹாசனும் மம்மூட்டியும் சிறந்த நடிகருக்கான தேசிய விருதைத் தலா மூன்று முறை பெற்றிருப்பதால், எண்ணிக்கை காட்டியும் ஜெயிக்க முடியாது. அதைவிட, ஏதேனும் ஒரு காட்சியைப் பிடித்துக்கொண்டு, வசனமே இல்லாத நொடியில் அந்த நடிகருடைய கண்ணும் தோளும் என்ன செய்தன என்று விவரியுங்கள்.

பின்னணிக் குரல் கலைஞருக்கும் கேரள அரசு விருது தருகிறது. அந்தப் பெயரை வாசிக்கும்போது மட்டும் எழுந்து போய்விடாதீர்கள்.