புது உப்புநீர்த் தொட்டியில் அமோனியா ஏறினால்

தருமபுரி வீட்டில் 200 லிட்டர் கடல்மீன் தொட்டி. ஐந்தாவது வாரம் தண்ணீர் பால் கலந்த மாதிரி மங்கியது. சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்க வேண்டிய நிறம் பச்சைக்குப் போனது. மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியா 1 பிபிஎம் (லிட்டருக்குச் சுமார் 1 மில்லிகிராம்). காரணம், ஃபில்டரில் இருந்த ஸ்பாஞ்ச், செராமிக் வளையம் இரண்டையும் ஒரே நாளில் குழாய்த் தண்ணீரில் அலசியது. குளோரினும் உப்பில்லாத நீரும் சேர்ந்து, அவற்றில் வாழ்ந்து அமோனியாவை மாற்றும் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டன.

உடனே தீனியை இரண்டு நாள் நிறுத்தினேன். 50 லிட்டர் தண்ணீர் மாற்றினேன், மறுநாள் இன்னொரு 50. ஆர்ஓ நீரில் (சவ்வு வழியே சுத்திகரித்த நீர்) லிட்டருக்குச் சுமார் 36 கிராம் கடல் உப்பு, முந்தின இரவே பம்ப் ஓடவிட்டுக் கரைத்தது, அடர்த்தி 1.025 வந்த பிறகே ஊற்றினேன். நம் பக்கத்து போர் தண்ணீரில் கடினத்தன்மையும் ஃப்ளோரைடும் அதிகம், இதற்கு ஆகவே ஆகாது. பாட்டிலில் விற்கும் பாக்டீரியாவை விட்டபோது ஸ்கிம்மரை (நுரையால் கழிவைப் பிரிக்கும் கருவி) ஒரு நாள் அணைத்து வைத்தேன். பத்து நாளில் அமோனியா பூஜ்யம். அமோனியாவிலிருந்து பாக்டீரியா உண்டாக்கும் நைட்ரைட் இறங்க இன்னும் ஒரு வாரம் ஆனது. அதுவரை புது மீன் விடவில்லை.

இப்போது ஃபில்டரில் அழுக்கைப் பிடிக்கும் வெள்ளைப் பஞ்சை மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய உப்புநீர் வாளியில் இரண்டு தடவை பிழிந்தால் போதும், பழுப்பு நிறம் கொஞ்சம் மிஞ்சலாம். வளையங்களை அதே வாரம் தொடுவதில்லை.

கோடையில் ஆவியாகும் நீருக்கு வெறும் ஆர்ஓ மட்டும் ஊற்றுங்கள், உப்பு ஆவியாவதில்லை. கரண்ட் போய் கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) பல மணி நேரம் நின்றால், உள்ளே தேங்கிய நீரைக் கொட்டிவிட்டே திரும்ப ஓட்டுங்கள்.