தண்ணீரைப் பார்த்து நிலம் வாங்குங்கள்: சதுப்பைக் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு சதுப்பையோ ஓடைக்கரையையோ மனைகளாகப் பிரிப்பதற்குள் வாங்கிக் காப்பாற்ற வேண்டும் என்று யாராவது யோசனை கேட்டு வந்தால், அங்கே தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதைத்தான் முதலில் கேட்பேன். பணத்தைப் பற்றிய பேச்சு அப்புறம். ஒரு சின்ன அறக்கட்டளைக்காக நிலம் பார்ப்பது, பேசி முடிப்பது, வாங்கியதைச் சீர்செய்வது மூன்றும் என் வேலை. கொக்கும் நாரையும் நிற்கும் நடுப்பகுதிதான் எல்லோர் கண்ணிலும் படும். என் கண் போவது வேறு இடங்களுக்கு: மேட்டில் காய்ந்து கிடக்கும் துண்டு, ஓடை உள்ளே நுழையும் மூலை, ரோட்டை ஒட்டிய வாசல் நிலம். இவற்றில் எது கைமாறினால் மொத்தமும் கெடுமோ, அதுதான் முதலில் வாங்க வேண்டிய துண்டு. நடுச்சதுப்பில் வீடு கட்ட யாரும் அவசரப்படுவதில்லை. வாசல் நிலத்தில் ரோடு விழுந்துவிட்டால், உள்ளே இருப்பது எல்லாம் ஒரே வருடத்தில் விலைபேசப்படும்.

இதற்கு நல்ல சாட்சி இங்கிலாந்தின் விக்கன் ஃபென். நிலங்களையும் பழைய கட்டடங்களையும் வாங்கிக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, 1899ல் அந்தச் சதுப்பில் வெறும் 2 ஏக்கரை 10 பவுண்டுக்கு வாங்கியது. அப்புறம் துண்டு துண்டாகச் சேர்த்தார்கள். ஆனால் சுற்றிலும் இருந்த நிலங்களை விவசாயத்துக்காக வடித்துவிட்டிருந்தார்கள். செடி மக்கி உண்டான அந்தக் கறுப்பு மண் காய்ந்தால் சுருங்கும், காற்றில் கரையும். பக்கத்து வயல்கள் இறங்கிக்கொண்டே போக, காப்பாற்றிய சதுப்பு மட்டும் மேட்டில் நின்றது. தண்ணீர் வெளியே கசிய ஆரம்பித்ததும் கரைக்கு நீர் புகாத தடுப்பு போட வேண்டி வந்தது. கடைசியில் 1999ல், 100 ஆண்டுகளில் 53 சதுர கிலோமீட்டர் வரை விரிவாக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். எல்லோராலும் அவ்வளவு வாங்க முடியாதுதான். தண்ணீரைத் தீர்மானிக்கும் துண்டு எது என்று கண்டுபிடிக்க யாராலும் முடியும்.

வாங்குவதற்கு முன் நடந்து பாருங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை, கடும் கோடையில் ஒரு முறை, இரண்டும் வேண்டும். மழைக்குப் பிறகு சில கோடுகள் மட்டும் சீக்கிரம் வெளுத்துக் காய்ந்தால், அடியில் வடிகால் குழாய் புதைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். ஓடைக்கரையை ஒட்டி நடந்தால் அந்தக் குழாயின் வாய் புல்லுக்குள் எங்காவது சொட்டிக்கொண்டிருக்கும். உரிமையாளர் சம்மதித்தால், ஓட்டை போட்ட பிவிசி குழாய்களை ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்துக்கு நாலைந்து இடத்தில் இறக்கி, மாதம் ஒரு தடவை டேப் விட்டு நீர்மட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். பின்னால் பக்கத்து நிலக்காரர் "உங்களால்தான் என் வயலில் தண்ணீர் நிற்கிறது" என்று வரும்போது, முன்பு எப்படி இருந்தது என்று காட்ட அந்த நோட்டு ஒன்றுதான் இருக்கும்.

எதுவுமே முளைக்காத மொட்டைத் திட்டு கண்ணில் பட்டால் காரணம் தெரியும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பழைய பூச்சிமருந்து டிரம்மைப் புதைத்த இடமாக இருக்கலாம். வாங்கியபின் அதை அப்புறப்படுத்தும் செலவு உங்கள் தலையில் விழ நிறையவே வாய்ப்பு உண்டு. மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பும் செலவு அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பத்திரம் பார்ப்பதைப் பற்றி ஊருக்கு ஊர் சட்டம் வேறு என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். மூலப்பத்திரம், வில்லங்கம், அடமானம், வாரிசு எல்லாவற்றையும் வக்கீல் பார்த்துவிடுவார். அவரிடம் நீங்களாகக் கேட்க வேண்டியவை வேறு. நிலத்துக்கு அடியில் உள்ள கனிமத்தின் மேல் யாருக்கு உரிமை? தண்ணீர் எடுக்கும் உரிமை தனியாக யாருக்காவது எழுதப்பட்டிருக்கிறதா? பாதை உரிமை யார் யாருக்கு? மேய்ச்சல், விறகு, மீன் என்று எழுத்தில் இல்லாமல் காலங்காலமாக யாராவது அனுபவித்து வருகிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் வக்கீலிடம் இருக்காது, அக்கம்பக்கத்தில்தான் கிடைக்கும். அந்த ஆட்களை ஒதுக்கிவிட்டு வேலி போட்டால், முதல் தீ அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

மொத்தக் கிரயம் செய்ய வேண்டும் என்றும் கட்டாயமில்லை. பணம் திரட்ட அவகாசம் வேண்டுமானால், ஒரு சின்னத் தொகை கொடுத்து "இத்தனை மாதத்துக்குள் இந்த விலைக்கு எனக்குத்தான் விற்க வேண்டும்" என்று ஒப்பந்தம் போடலாம். விற்கவே மனமில்லாதவரிடம், எப்போது விற்றாலும் முதலில் நமக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதி வாங்கலாம். வயதானவர் என்றால், அவர் காலம்வரை அங்கேயே இருக்கட்டும் என்ற நிபந்தனையோடு முடிக்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்த வழி, சட்டம் இடம் கொடுக்கும் நாடுகளில், கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் வாங்கிவிடுவது. நிலம் அவருடையதாகவே இருக்கும், பயிரும் வைப்பார். அவரும் அவருக்குப் பின் வருபவர்களும் கட்டடம் எழுப்பவோ மனைகளாகப் பிரிக்கவோ முடியாது என்பது பத்திரப் பதிவில் ஏறிவிடும். மனைக்கான விலைக்கும் விவசாய நிலத்துக்கான விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் கொடுப்பது. இதே யோசனையைத் திருப்பிப் போட்டும் செய்யலாம்: முழுதாக வாங்கி, தடையை எழுதிப் பதிந்துவிட்டு, இயற்கையில் அக்கறை உள்ள ஒருவருக்கு விற்று, வந்த பணத்தில் அடுத்த துண்டுக்குப் போவது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் டிரஸ்ட் ஃபார் நேச்சர் என்ற அமைப்பு இப்படிச் சுழல்நிதி வைத்து நடத்துகிறது.

விலை பேசும்போது வாயைக் கட்டுங்கள். "இந்தச் சதுப்பைக் காப்பாற்றுவோம்" என்று போஸ்டர் ஒட்டிவிட்டு விற்பவரிடம் போனால், அவர் சொல்வதுதான் விலை. சுயேச்சையான மதிப்பீட்டாளரின் அறிக்கை கையில் இருக்கட்டும். நன்கொடையாளர்களுக்கு நாளை கணக்குக் காட்டவும் அது உதவும்.

சரி, கிரயம் முடிந்தது. பலரும் உடனே நாற்றங்காலுக்கு ஓடுவார்கள். வேண்டாம். செடி நடுவது கடைசி வேலை, பாதி இடங்களில் தேவையே படாத வேலை. முதல் வேலை, நிலத்தை வடிக்க வெட்டிய கால்வாய்களை அடைப்பது.

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடைப்பு உடைந்தால் அதுவரை தேங்கிய தண்ணீர் மண்ணையும் அள்ளிக்கொண்டு போய்விடும். மேல் முனையிலிருந்து தொடங்கிக் கீழே வாருங்கள். மேலே அடைத்ததும் கீழே ஓட்டம் குறையும், வேலை சுலபம். அடைக்கும் இடத்தில் கால்வாயின் அடியிலும் இரு பக்கச் சுவரிலும் இருக்கும் சேறு, புல், வேர் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, புது மண் தெரியும்வரை பக்கங்களில் அரை மீட்டர் உள்வாங்கி வெட்டுங்கள். வெறுமனே மண்ணைக் கொட்டினால் தண்ணீர் பக்கவாட்டில் வழி கண்டுபிடித்துவிடும். நிரப்புவதற்குப் பிசுபிசுப்பான ஈரக் களிமண்தான் வேண்டும். கையில் உருட்டினால் உருண்டை பிடிக்க வேண்டும், காய்ந்து உதிரும் மண் ஆகாது. ஒரு அடுக்கு போட்டு மிதித்து, அப்புறம் அடுத்த அடுக்கு. எப்படியும் உள்ளே அமுங்கும் என்பதால் தரைமட்டத்துக்கு மேலே நன்றாகத் தூக்கியே முடியுங்கள். வெட்டியெடுத்த புல்தரையை மேலே பதித்துவிட்டால் வேர் பிடித்துக் காக்கும். ஒரு அடைப்பில் தேங்கும் தண்ணீர், அதற்கு மேலுள்ள அடைப்பின் காலடியைத் தொட வேண்டும். அந்தக் கணக்கில்தான் இடைவெளி. சரிவு அதிகம் என்றால் நெருக்கமாக வரும். அளக்கப் பெரிய கருவி வேண்டாம், கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். அதே டியூப் லெவலால் பக்கத்து நிலத்தின் தாழ்ந்த இடத்தையும் அளந்துவிடுங்கள். நம் தண்ணீர் அங்கே ஏறும் என்றால், எல்லைக்கு முன்பே ஒரு கரை போட வேண்டும், இல்லை அந்தத் துண்டையும் சேர்த்து விலை பேச வேண்டும். அடைக்க அரசு அனுமதி தேவையா என்பதையும் மண்வெட்டி எடுக்குமுன் விசாரித்துவிடுங்கள்.

தண்ணீர் திரும்பியபின் பொறுங்கள். மண்ணுக்குள் என்ன விதை தூங்குகிறது என்று தெரிய வேண்டுமானால், அங்கங்கே மேல்மண்ணை எடுத்து ஒரு தட்டில் பரப்பி, வெளி விதை விழாதபடி மெல்லிய துணி போட்டு, ஈரமாகவே வைத்திருங்கள். கோரையும் நாணலும் அதில் முளைத்தால் நடவுக்கு ஒதுக்கிய பணத்தை வேறு வேலைக்குத் திருப்பலாம்.

அந்நியக் களைகளுக்கு, சிட்னியைச் சேர்ந்த பிராட்லி சகோதரிகள் காட்டிய முறையைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. கெட்டுப்போன இடத்தில் போய் மோதாதே, நன்றாக இருக்கும் இடத்தின் ஓரத்திலிருந்து களை எடுத்துக்கொண்டு வா, மண்ணைக் கிளறாதே, உள்ளூர்ச் செடி எந்த வேகத்தில் இடத்தைப் பிடிக்கிறதோ அந்த வேகத்தில் மட்டும் முன்னேறு என்பது அவர்கள் வழி. மெதுவான முறைதான். ஜேசிபி வைத்து ஒரே நாளில் மொட்டையடித்தால் போட்டோ நன்றாக வரும், அடுத்த மழைக்கு அதே களை இரட்டிப்பாக வரும்.

மேட்டுநிலத்துக்கும் இதே நிதானம் பொருந்தும். கோஸ்டா ரிகாவின் குவானகாஸ்டேயில் சூழலியலாளர்களான டேனியல் ஜான்ஸெனும் வினிஃப்ரெட் ஹால்வாக்ஸும் பண்ணை நிலங்களை வாங்கிச் சேர்த்தபோது, முக்கியமாகச் செய்தது தீயை நிறுத்தியது. எரிபொருளாக நின்ற ஆப்பிரிக்கப் புல்லைக் கட்டுப்படுத்த ஆரம்பத்தில் மாடுகளையே மேயவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களைத் தீத்தடுப்பு வேலைக்கு வைத்தார்கள். விதையைக் காற்றும் விலங்குகளும் கொண்டு வந்தன.

கடைசியாகப் பணமும் காகிதமும். வாங்கும் விலையை மட்டும் திரட்டிவிட்டு நிற்காதீர்கள். வேலி, களை, காவல், வரி, வக்கீல் என்று வருடா வருடம் செலவு உண்டு. வைப்புத் தொகையிலிருந்து ஆண்டுக்கு 4 சதவீதம் எடுக்கலாம் என்று வைத்தால், ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு வைப்பில் இருக்க வேண்டும். அது இல்லாத அறக்கட்டளை ஒரு கஷ்ட காலத்தில் நிலத்தில் ஒரு ஓரத்தை விற்கும், அந்த ஓரம் பெரும்பாலும் ரோட்டோர வாசல் நிலமாகத்தான் இருக்கும். அதனால் அறக்கட்டளையின் கையையும் நீங்களே கட்டிவிடுங்கள். நேஷனல் டிரஸ்டுக்கு 1907ஆம் ஆண்டுச் சட்டம் தன் நிலத்தை விற்கவே முடியாததாக அறிவிக்கும் அதிகாரத்தைத் தந்தது. உங்களுக்கென்று தனிச் சட்டம் வராது. விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது, அமைப்பு கலைந்தால் இதே நோக்கமுள்ள இன்னொரு அமைப்புக்கு நிலம் போக வேண்டும் என்று அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதலாம்.

எல்லைக்கல் ஒவ்வொன்றின் அருகிலும் நின்று, அதே திசையில், வருடத்துக்கு ஒரு போட்டோ எடுத்துத் தேதியோடு கோப்பில் வையுங்கள். பக்கத்து நிலம் கைமாறியது தெரிந்தால் தாமதிக்காமல் புது உரிமையாளரைப் போய்ப் பார்த்து, எல்லை வரைபடத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஷெட் போட்ட பிறகு சண்டை பிடிப்பதைவிட, அவர் குழி தோண்டுவதற்கு முன்பே பேசிவிடுவது எவ்வளவோ மேல்.