கடலூர்க் கரையை வானத்திலிருந்து பார்க்க எந்த ஜன்னல்?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரண்டு முறை பறந்திருக்கிறேன். முதல் முறை, எங்கள் கடலூர்க் கரையைப் பார்த்தே தீரவேண்டும் என்று ஜன்னலோர இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டினேன். வழியெல்லாம் வெறும் தண்ணீர். இரண்டாம் முறைதான் கரை கிடைத்தது.

1. முதலில் விமானம் போகும் தடத்தைப் பாருங்கள். பிளைட்ரேடார்24 செயலியில் விமான எண்ணைப் போட்டால், முந்தைய நாட்களில் போன வழி கோடாக வரும். இருக்கைகளுக்கு மதிப்பெண் போடும் தளங்களைவிட இந்தக் கோட்டைத்தான் நம்புவேன்.

2. அப்புறம், பக்கம். நான் சறுக்கியது இங்கேதான். சென்னையிலிருந்து இசிஆர் பேருந்தில் வரும்போது கடல் நமக்கு இடதுகைப் பக்கம். சின்ன வயதிலிருந்தே அந்தப் பக்கம்தான் இடம் பிடிப்போம். அதே பழக்கத்தில் விமானத்திலும் இடப்பக்கம் எடுத்துவிட்டேன். ஆனால் பேருந்து கரையில் போகிறது, விமானம் கடல்மேல் போகிறது. கடலுக்குள் இருந்து பார்த்தால் கரை மேற்கே. தெற்கு பார்த்து நின்று பாருங்கள், மேற்கு உங்கள் வலதுகைப் பக்கம். அதனால் போகும்போது வலது ஓரம், திரும்பும்போது இடது ஓரம். இருக்கை வரைபடத்தில் ‘ஏ’ இடது ஓரம், வரிசையின் கடைசி எழுத்து வலது ஓரம். வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு எல்லாம் யாழ்ப்பாணத்துக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் இருப்பதால், தீவுகளுக்கும் அதே வலப்பக்கம்தான்.

3. வரிசை. இந்த வழியில் நான் போனது ஏடிஆர் விமானம். இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்கத் தடையில்லை. இன்ஜினும் காற்றாடியும்தான் மறைக்கும், அதனால் கடைசி ஐந்தாறு வரிசைகளில் எடுங்கள்.

4. காலை விமானமே நல்லது. சூரியன் கிழக்கே இருக்கும், வெளிச்சம் நேராகக் கரைமேல் விழும். மாலையில் கண் கூசும்.

5. கூகுள் மேப்ஸில் கடலோரப் பகுதியை முன்பே இறக்கி வையுங்கள். ஃபிளைட் மோடிலும் போனை ஜன்னலருகே பிடித்தால் ஜிபிஎஸ் பெரும்பாலும் எடுக்கும். கரை சற்றுத் தள்ளித்தான் தெரியும், எது எந்த ஊர் என்று வரைபடம் இல்லாமல் பிடிபடாது. நான் போனது மழைக்காலம் முடிந்த ஜனவரி. தென்பெண்ணை கலக்கும் இடத்தில் கலங்கல் நீர் கடலுக்குள் விசிறிபோல் விரிந்திருந்தது. அதன் விளிம்பில் பழுப்பு முடிந்து நீலம் தொடங்கும் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல. தெற்கே கரும்பச்சைத் திட்டாகப் பிச்சாவரம். கோடியக்கரையில் கரை சட்டென்று மேற்கே திரும்பிவிடும், அதோடு நம் பக்கம் முடிந்தது.

பிற்சேர்க்கை: அந்தமானுக்கு எந்தப் பக்கம் என்று இரண்டு பேர் கேட்டார்கள். போர்ட் பிளேருக்கு, அதாவது இப்போதைய ஸ்ரீ விஜய புரத்துக்கு, காலையில் போனால் இடது ஓரம் எடுங்கள். விமானம் கிழக்கே போகும். டிசம்பர், ஜனவரியில் வெயில் வலப்பக்கம் அடிக்கும். நடு அந்தமானும் வட அந்தமானும் இடப்பக்கம். அங்கே போவது ஜெட் விமானம், இறக்கை ஜன்னலுக்குக் கீழே இருக்கும். அதனால் நான் சொன்ன கடைசி வரிசைக் கணக்கு அங்கே சரிவராது: இன்ஜின் சூட்டில் பின்பக்கக் காட்சி நெளியும். இறக்கைக்கு முன்னால் உட்காருங்கள்.