ஃப்ரெண்ட்ஸோட இத்தாலியன் விருந்துக்கு போறீங்களா, போறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ வாசிங்க மக்கா

எங்க செட்ல ஒருத்திக்கு ஜெர்மனில நர்ஸ் வேலை கெடச்சு விசாவும் வந்துட்டு. ரெண்டு வருசமா டியூட்டியும் பாத்து ராத்திரி உக்காந்து ஜெர்மனும் படிச்சு அந்த பரீட்சைய பாஸ் பண்ணினவ, அவ ஃப்ளைட் ஏறுறதுக்கு முன்னாடி மத்த ஏழு பேரும் சேந்து நல்ல ஒரு ட்ரீட் குடுக்கணும்னு பேசி என்ன வேணும்னு கேட்டோம். பிரியாணி வேண்டாம், ஒரு இத்தாலியன் ஹோட்டல்ல நிதானமா உக்காந்து திங்கணும்னு சொன்னா. அந்த சாயங்காலம் அவ்ளோ நல்லா அமைஞ்சுது, அதனால எப்படி பிளான் பண்ணோம்னு எழுதி வைக்கேன், இதே மாதிரி போறவங்களுக்கு உதவும்.

இதுக்கு முன்னால ஒருக்கா இதே செட்டு வேற ஒரு கடைக்கு போய் சரியாவே அமையல. ஆளுக்கு ஒண்ணு ஆர்டர் பண்ணோம், ஒருத்தனுக்கு பீட்சா பத்து நிமிசத்துல வந்துட்டு, இன்னொருத்திக்கு அரை மணிக்கூர் கழிச்சு வந்துது, முதல்ல தின்னவன் கைய கழுவிட்டு போன நோண்டிக்கிட்டு இருந்தான், கடைசில வந்தவ தனியா தின்னா. கடைக்காரங்கள குறை சொல்ல ஒண்ணும் இல்ல, நாங்க கேட்ட விதம்தான் அப்படி. அன்னைக்கு புரிஞ்ச விசயம் என்னன்னா இத்தாலியன் சாப்பாட நம்ம ஊரு கல்யாண பந்தி மாதிரி நெனச்சுக்கிடணும். பந்தில பருப்பும் நெய்யும் பப்படமும் முதல்ல, அப்புறம் சாம்பார், அப்புறம் ரசம், பாயசம்னு ஒண்ணொண்ணா வரும்லா, யாரும் எனக்கு பாயசம் மட்டும் கொண்டாங்கன்னு முதல்லயே கேக்க மாட்டாங்க. அங்கயும் அதே மாதிரி வரிசை இருக்கு. மெனு கார்டுல ஆன்டிபாஸ்டினு இருந்தா கொறிக்குறதுக்கு முதல்ல வாறது, ப்ரிமினு இருந்தா பாஸ்தாவும், ரிசோட்டோங்கற அரிசி சாப்பாடும், செகோண்டினா மீன், கோழி, இறைச்சி, கொன்டோர்னினா அதுக்கு தொட்டுக்க காய்கறி, டோல்சினா இனிப்பு. இவ்வளவு தெரிஞ்சாலே பாதி பயம் போயிரும்.

ஆர்டர் பண்ணும்போது ஒருத்தர் மட்டும் பேசணும், எல்லாத்தையும் நடுவுல வச்சு பங்கு வைக்கணும். எங்க எட்டு பேருக்கு ஆன்டிபாஸ்டி மூணு, பாஸ்தா மூணு, ரிசோட்டோ ஒண்ணு, பீட்சா ரெண்டு, மீன் ஒரு பிளேட், இனிப்பு மூணு, இது வயிறு நிறைய காணும். "எல்லாத்தையும் சேத்து கொண்டு வராண்டாம், ஒவ்வொரு ரவுண்டா கொண்டு வாங்கண்ணே"னு முதல்லயே சொல்லிருங்க, காலி பிளேட் கூடுதலா கேளுங்க. ரிசோட்டோக்கு ஆர்போரியோ மாதிரி குண்டு அரிசிய சூப்பு ஊத்தி ஊத்தி கிண்டிக்கிட்டே இருக்கணும், அரிசி வேகவே இருபது நிமிசம் கிட்ட ஆகும், அதனால அத முதல் ரவுண்டோட சேத்தே சொல்லி வச்சிருங்க. பாக்க கொழகொழன்னு கஞ்சி மாதிரி வந்தா குழைஞ்சு போச்சுன்னு திருப்பி அனுப்பிராதீங்க, அதோட பதமே அதான்.

அடுத்தது யாரு என்ன திங்க மாட்டாங்கன்னு முன்னாடியே வாட்சாப் குரூப்ல கேட்டு எழுதி வைங்க. இதுல நான் ரொம்ப கறாரா இருப்பேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்து செட்டுன்னா ஒரே மேசைல சுத்த சைவமும் இருப்பாங்க, பன்றி திங்குறவங்களும் இருப்பாங்க, ஹலால் மட்டும் திங்குறவங்களும் இருப்பாங்க. கார்பொனாரா பாஸ்தால முட்டையும் பன்றிக்கறியும் உண்டு, பெப்பரோனி, ப்ரோஷூட்டோ, பன்செட்டா எல்லாம் பொதுவா பன்றிதான், சில கடைல கோழியோ மாட்டுக்கறியோ வச்சு செய்வாங்க, கேட்டுக்கிடுங்க. சைவத்துக்காரங்களுக்கு இன்னொண்ணு, ஒரிஜினல் பார்மிஜானோ சீஸ்ல பால திரிய வைக்க கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்குற ரென்னட் சேப்பாங்க, நம்ம ஊருல விக்குற பல சீஸ்ல அது கிடையாது, ஆனா இறக்குமதி சீஸ் போடுற கடைனா கேக்கணும். பன்னகோட்டாங்கற பால் இனிப்புல, மிருகத்தோட தோல் எலும்புல இருந்து எடுக்குற ஜெலட்டின் இருக்கும். திராமிசுங்கற காப்பி இனிப்புல முட்டை உண்டு, சில இடத்துல மதுவும் சேப்பாங்க. பெஸ்டோங்கற பச்சை சாஸ்ல பைன் நட்ஸ் போடுவாங்க, அது கெடைக்கலன்னா முந்திரி போடுற கடையும் உண்டு, நட்ஸ் அலர்ஜி உள்ளவங்க கூட இருந்தா இத விட்டுராதீங்க.

மீனு விசயத்துலதான் நமக்கு ரொம்ப சந்தோசம் கேட்டியளா. மெனுல ஆன்ச்சோவினு பாத்துட்டு ஏதோ புரியாத சாமானம்னு தாண்டிப் போகாதீங்க, அது நம்ம நெத்தோலி வகைதான், உப்பு போட்டு பதப்படுத்தி எண்ணெய்ல வச்சிருப்பாங்க, புட்டானெஸ்கா பாஸ்தால ஆலிவ், கேப்பர்ஸுங்கற ஊறவச்ச பூமொட்டோட சேத்து வரும், உப்பு தூக்கலா இருக்கும். கலமாரினா கணவாய். கோட்சேன்னு இருந்தா நம்ம சிப்பி! இத்தாலில நேப்பிள்ஸ் ஊரு பக்கம் சிப்பிய ஓட்டோட நல்லமெளகு தட்டிப் போட்டு அவிச்சு திம்பாங்க, சிப்பியும் மரச்சீனியும் தின்னு வளந்த நமக்கு அத தின்னா வேற நாட்டு சாப்பாடு மாதிரியே தோணாது. எங்க செட்ல குளச்சல்காரன் ஒருத்தன் உண்டு, வந்த சிப்பிய ஒண்ணு எடுத்து பாத்துட்டு இது இன்னைக்கு வந்த சிப்பிதான்னு அவன் சொன்னதுக்கப்புறம்தான் மத்தவங்க கைய வச்சாங்க. மீன் பாஸ்தா மேல சீஸ் துருவிப் போடவான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, இத்தாலில பெரும்பாலும் போட மாட்டாங்க, சீஸ் மீனோட ருசிய அமுக்கிரும்.

பாஸ்தா கொஞ்சம் கடிபடுற மாதிரி இருந்தா வேகலன்னு நெனைக்காதீங்க, ஆல் டென்டேன்னு சொல்லுவாங்க, பல்லுக்கு தட்டுப்படணும்ங்கறதுதான் கணக்கு. ஸ்பகெட்டிய வெட்டாம நாலஞ்சு இழைய மட்டும் ஃபோர்க்ல குத்தி பிளேட் ஓரத்துல வச்சு சுத்துனா உருண்டு வந்துரும், நெறைய எடுத்தாதான் தொங்கும். கடைசில பிளேட்ல மிஞ்சுற சாஸ ரொட்டித் துண்டால வழிச்சு திங்குறதுக்கு அவங்க ஊருல ஸ்கார்பெட்டான்னு பேரே வச்சிருக்காங்க, நம்ம இலைல கொழம்ப வழிக்குற அதே சோலிதான், அதனால கூச்சப்படவே வேண்டாம். பீட்சாக்கு மார்கரிட்டா ஒண்ணு கண்டிப்பா சொல்லுங்க. மேல தக்காளி, மொஸரெல்லா, துளசி மாதிரி வாசம் உள்ள பேசில் இல, அவ்ளோதான், ஆனா ஒரு கடையோட மாவும் அடுப்பும் எப்படின்னு அதுலதான் தெரியும். விறகடுப்பு உள்ள கடைனா நேப்பிள்ஸ் முறைல ஒண்ணு ஒண்ணரை நிமிசத்துல சுட்டு எடுத்துருவாங்க, ஓரத்துல அங்கங்க கருப்பு புள்ளி விழுந்திருக்கும், அது கருகல் இல்ல. அந்த பீட்சா சுடுற கலைய 2017ல யுனெஸ்கோ அவங்க பாரம்பரியப் பட்டியல்ல சேத்துருக்கு.

எங்க போறதுங்கறதுக்கு, நாரோயில்லயே (நாகர்கோவில்) பீட்சா பாஸ்தா கடை இருக்கு, சின்ன கொண்டாட்டத்துக்கு அது போதும். நாங்க திருவனந்தபுரம் பக்கத்துல உள்ள கோவளம் போனோம், வெளிநாட்டுக்காரங்க வந்து போற இடம்ங்கறதால அங்க இத்தாலியன் சாப்பாடு கெடைக்கும், நல்ல மீனும் உண்டு, கடலப் பாத்து உக்காரலாம். 70 கிலோமீட்டருக்குள்ளதான், ஆனா மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம்னு நெரிசல் எங்கன்னு தெரியாது, ரெண்டரை மணிக்கூர் கையில வச்சு கெளம்புங்க. கூட்ட நாள்ல போனா முன்னாடியே போன் பண்ணி மேசை சொல்லிருங்க, எட்டு பேருக்கு ஒண்ணா இடம் கெடைக்குறது கஷ்டம், கேக் வெட்டணும்னா கொண்டு வரலாமான்னும் அப்பவே கேளுங்க. வண்டி ஓட்டுறவர் ஒயின் தொடக்கூடாது, இதுல பேச்சே கிடையாது. எங்க டிரைவருக்கு நாங்க கூடுதலா ஒரு திராமிசு வாங்கிக் குடுத்தோம்.

காசு விசயத்த போறதுக்கு முந்தின நாளே முடிச்சிருங்க. விருந்துக்காரிய விட்டுட்டு மத்த ஏழு பேரும் ஆளுக்கு 1,500 ரூவா ஜிபேல ஒருத்தருக்கு அனுப்பினோம், மிச்சத்த அப்புறம் பிரிச்சோம், மேசைல உக்காந்து யாரு எவ்ளோ தின்னான்னு கணக்கு பாக்குற பேச்சு வரவே இல்ல. சம்பளம் கம்மியா உள்ளவங்க செட்ல இருந்தா தனியா கேட்டுட்டு தொகைய முடிவு பண்ணுங்க, குரூப்ல போட்டு சங்கடப்படுத்தாதீங்க. பில்லு வந்தா சாதாரண ரெஸ்டாரன்ட்ல ஜிஎஸ்டி 5 சதவீதம், பெரிய ஸ்டார் ஹோட்டலுக்குள்ள உள்ளதுன்னா 18 வரலாம். சர்வீஸ் சார்ஜ்னு தனியா போட்டிருந்தா அது கட்டாயம் இல்ல, 2022 ஜூலைல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னத 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் சரின்னு சொல்லிட்டு, மரியாதையா எடுக்கச் சொன்னா எடுத்துருவாங்க. நாங்க பரிமாறின அண்ணன் கையில தனியா டிப்ஸ் குடுத்தோம், ஒவ்வொரு ரவுண்டும் அவ்ளோ பொறுமையா கொண்டு வந்தாரு.

இனிப்பு வந்ததும்தான் வாழ்த்து சொல்றது, நெனவுப் பொருள் குடுக்குறது எல்லாம் வச்சுக்கிடுங்க, அதுக்கு முன்னாடி பசில யாரும் கவனிக்க மாட்டாங்க. எங்க ஆளுக்கு நாங்க குடுத்தது ஒரு டைரி, மத்த ஏழு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினது, அவ வாசிக்கும்போது மேசையே அமைதியாயிட்டு. காப்பி வேணும்னா பால் இல்லாத கடுங்காப்பியான எஸ்ப்ரெஸ்ஸோ கேளுங்க, இத்தாலில சாப்பாட்டுக்கு அப்புறம் பால் காப்பி குடிக்குற வழக்கம் இல்ல, ஆனா நமக்கு பால் காப்பி குடிச்சாதான் திருப்தின்னா தாராளமா குடிங்க.

மிஞ்சின பீட்சாவ பார்சல் கட்டி வாங்கிருங்க, வீட்டுக்கு வந்ததும் ஃபிரிட்ஜ்ல வச்சிருங்க. மறுநாள் மைக்ரோவேவ்ல வச்சா ரப்பராட்டம் ஆயிரும். தோசைக்கல்ல சிம்ல வச்சு, எண்ணெய் ஊத்தாம பீட்சாவ போட்டு, ஓரத்துல நாலு சொட்டு தண்ணி தெளிச்சு ஒரு மூடி போட்டு மூணு நிமிசம் விடுங்க, அடி மொறுமொறுன்னு இருக்கும், மேல சீஸ் இளகியிருக்கும். எங்க அம்மா அப்படி சுட்டதுல ரெண்டு துண்டு தின்னுட்டு, இந்த பேசில் செடி எங்க கெடைக்கும்னு கேட்டாவ, இப்ப அடுக்களை சன்னல்ல ஒரு தொட்டில வச்சிருக்கோம்.