கும்பகோணத்தில் இருந்தபடியே காவல் பணி ஆய்வுப் பட்டம்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

இரவு ரோந்தைக் கூட்டினால் திருட்டு குறையும். இதை ஸ்டேஷனில் கேட்டாலும் சொல்வார்கள், டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். 1972 அக்டோபரில் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி போலீஸ் இதைச் சோதித்துப் பார்த்தது. 15 பீட்டுகளை, அதாவது ரோந்துப் பகுதிகளை, மூன்றாகப் பிரித்தார்கள். ஐந்தில் வழக்கமான ரோந்து, ஐந்தில் இரண்டு மூன்று மடங்கு ரோந்து. மீதி ஐந்தில் ரோந்தே இல்லை, யாராவது கூப்பிட்டால் மட்டும் வண்டி போகும். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, குற்றத்திலும் மக்களின் பயத்திலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அதனால் ரோந்து வீண் என்று முடிவு கட்டிவிட முடியாது. 1988-89-இல் மினியாபொலிஸ் நகரத்தில், குற்றம் திரும்பத் திரும்ப நடக்கும் 110 சின்னச் சின்ன இடங்களை எடுத்து, அவற்றில் பாதியில் மட்டும் போலீஸ் இருக்கும் நேரத்தைக் கூட்டினார்கள். அங்கே குற்றம் பற்றிப் போலீஸுக்கு வரும் அழைப்புகள் குறைந்தன. ஊர் முழுக்கப் பரப்பிச் சுற்றியபோது கிடைக்காத பலன், குறிப்பிட்ட இடத்தில் நின்றபோது கிடைத்தது. இப்படி அளந்து, ஒப்பிட்டு, எது வேலை செய்கிறது என்று கண்டுபிடித்துக் கடமையைச் செய்வதைத்தான் சான்று அடிப்படையிலான காவல் பணி என்கிறார்கள். லாரன்ஸ் ஷெர்மன் என்ற குற்றவியல் அறிஞர் 1998-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தப் பெயர் நிலைத்தது.

இதில் ஆன்லைனில் முதுநிலை ஆய்வுப் பட்டம் படிக்க முடியும். காவலர்கள் மட்டுமல்ல, வக்கீல்கள், சமூகப் பணி படித்தவர்கள், புள்ளியியல் படித்தவர்கள் எல்லோரும் வரலாம். டெல்டாவிலிருந்து இன்னும் நிறையப் பேர் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இங்கே ஸ்டேஷன்களில் நடப்பதை வெளியூர்க்காரர்கள் வந்து எழுதுவதற்கும், இந்த வயலும் வாய்க்காலும் தெரிந்தவர் எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

முதல் படி: எந்தப் பட்டம் என்று தெளிவாகுங்கள்

முதுநிலையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பாடம், தேர்வு, கடைசியில் ஒரு சின்ன ஆய்வறிக்கை. இன்னொன்று, பாடம் மிகக் குறைவு. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வழிகாட்டியோடு சேர்ந்து ஆய்வேடு எழுதுவது. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. பிரிட்டனில் இது பெரும்பாலும் முழுநேரமாக ஓராண்டு, பகுதிநேரமாக இரண்டு ஆண்டு. டியூட்டியில் இருப்பவர்கள் யோசிக்கவே வேண்டாம், பகுதிநேரத்தையே எடுங்கள். பந்தோபஸ்து வந்துவிட்டால் ஒரு வாரம் புத்தகத்தைத் திறக்க முடியாது.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, இந்தியப் பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி.யை ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்தக் கூடாது. எம்.ஃபில். பட்டமும் அந்த விதிகளோடு முடிந்துபோனது. வெளிநாட்டுக் கல்வி நிறுவனங்களோடு சேர்ந்து ஆன்லைன் பிஎச்.டி. தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் கம்பெனிகளை நம்பி ஏமாற வேண்டாம் என்று அதே ஆண்டு அக்டோபரில் யு.ஜி.சி.யும் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யும் சேர்ந்து எச்சரித்தன. வெளிநாட்டு ஆன்லைன் முதுநிலைப் பட்டத்தைப் பதவி உயர்வுக்கோ, இங்கே மேற்படிப்புக்கோ காட்டப் போகிறீர்கள் என்றால், அது இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற சமநிலைச் சான்று கிடைக்குமா என்று முதலிலேயே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவிடுங்கள். போனில் சொன்னது பின்னால் செல்லாது. அறிவுக்காகவும் வேலையில் பயன்படுத்தவும் படிக்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

இரண்டாம் படி: கேள்வியைக் கண்டுபிடியுங்கள்

இந்தப் படிப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. விண்ணப்பப் படிவம், ஆங்கிலத் தேர்வு எல்லாம் அப்புறம். "தமிழ்நாட்டில் குற்றத் தடுப்பு" என்று எழுதி அனுப்பினால் எந்த வழிகாட்டியும் திரும்பிப் பார்க்க மாட்டார். கேள்வி ஒரு ஸ்டேஷன் எல்லைக்குள் அடங்க வேண்டும், ஒரு குறிப்பிட்ட நடவடிக்கையைப் பற்றியதாக இருக்க வேண்டும், அதன் பலனை எண்ணிப் பார்க்க முடிய வேண்டும்.

டெல்டாவில் கேள்விக்குப் பஞ்சமில்லை. கொள்ளிடத்தில் மாட்டு வண்டியில் போகும் மணல். காரைக்காலிலிருந்து எல்லை தாண்டி வரும் சாராயம். வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தில் போகும் பர்ஸ், செயின். வயல் மோட்டாரிலிருந்து அறுத்துக்கொண்டு போகும் செம்புக் கம்பி. இவற்றில் எதையும் எடுக்கலாம். நான் ஒன்றை மட்டும் எடுத்து, கேள்வி எப்படி உருவாகிறது என்று காட்டுகிறேன்.

தை, மாசியில் சம்பா அறுவடை. நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நெல்லை எடுக்கத் தயங்குவார்கள். காயவைக்கக் களம் போதாது. அதனால் விவசாயிகள் தார் ரோட்டில் நெல்லைக் கொட்டி, வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல்லை வைக்கிறார்கள். இரவில் பைக்கில் வருகிறவர் அந்தக் கல்லில் மோதி விழுகிறார். இப்போது ஓர் இன்ஸ்பெக்டர், ரோந்து வண்டியில் போகிறவர்கள் மாலையில் நிறுத்தி, கல்லை எடுக்கச் சொல்லி, பிரதிபலிப்பு ஸ்டிக்கர் ஒட்டிய கம்பை நடச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாசி முதல் வாரத்தில் தொடங்குகிறது. பங்குனியில் விபத்து குறைந்திருக்கிறது. உத்தரவு வேலை செய்துவிட்டதா?

சொல்ல முடியாது. பங்குனியில் ரோட்டில் நெல்லே இருக்காது. யாரும் எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் விபத்து குறைந்திருக்கும். "முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு" என்ற கணக்கு நம்மை ஏமாற்றுவது இப்படித்தான். இதை உடைக்க வேண்டுமென்றால், அதே பருவத்தில், அதே மாதிரி ரோடு உள்ள, இந்த உத்தரவு இல்லாத வேறு கிராமங்களும் கணக்கில் வர வேண்டும். அதற்குப் பெயர் ஒப்பீட்டுக் குழு. எந்தக் கிராமத்தில் செய்வது, எதில் செய்யாமல் விடுவது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்தால் சான்று இன்னும் வலுவாகும். நாமாகத் தேர்ந்தெடுத்தால், நம்மையறியாமல் சுலபமான ஊர்களை எடுத்துவிடுவோம்.

அடுத்த சிக்கல் எண்ணிக்கை. ஒரு ஸ்டேஷன் எல்லையில் ஒரு பருவத்தில் இப்படி நடக்கும் மரணங்கள் கைவிரலில் எண்ணும் அளவுதான் இருக்கும். மூன்று நான்காகக் கூடுவதும் நான்கு இரண்டாகக் குறைவதும் தற்செயலாகவே நடக்கும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எனவே அடிக்கடி நடப்பதை அளக்க வேண்டும்: இரவு எட்டு மணிக்கு ஒவ்வொரு கிலோமீட்டரிலும் எத்தனை இடத்தில் கல் கிடக்கிறது? இதை எண்ணலாம், நூற்றுக்கணக்கில் தரவு சேரும். கல் குறைந்தால் விபத்து குறையுமா என்பது அடுத்த ஆய்வாளருக்கான கேள்வி. முதுநிலைப் பட்டத்துக்கு முதல் பாதியே போதும்.

மூன்றாம் படி: படியுங்கள், ஆனால் வரிசையோடு

முதலில் நம் நாட்டு ஆய்வுகள் இரண்டு. ராஜஸ்தானில் 11 மாவட்டங்களில் 162 ஸ்டேஷன்களை வைத்து பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் செய்தது. அதில் நீனா சிங் என்ற ஐ.பி.எஸ். அதிகாரியும் ஓர் ஆய்வாளர். பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்ததும், இடமாற்றத்தை நிறுத்தி வைத்ததும் பலன் தந்தன. வார ஓய்வு, ஸ்டேஷனில் பொதுமக்கள் பார்வையாளரை உட்காரவைப்பது போன்றவை பலன் தரவில்லை. இடைநிலை அதிகாரிகள் தொடர்ந்து நடத்த வேண்டிய திட்டங்கள்தான் தோற்றன என்பதைக் கவனியுங்கள். வார ஓய்வு நல்ல யோசனையா இல்லையா என்பதை அந்த முடிவு சொல்லவில்லை. அது ஒழுங்காக நடக்கவில்லை என்பதைத்தான் சொல்கிறது. ஓர் ஆய்வைப் படிக்கும்போது திட்டம் உண்மையில் நடந்ததா என்று தேடும் பழக்கம் இதிலிருந்து வரட்டும்.

இரண்டாவது, மத்தியப் பிரதேசத்தில் 180 ஸ்டேஷன்களில் நடந்த பெண்கள் உதவி மைய ஆய்வு, 2022-இல் வெளியானது. உதவி மையம் இருந்த ஸ்டேஷன்களில் பெண்களின் புகார் பதிவு கூடியது. இங்கே ஒரு பாடம் இருக்கிறது. பதிவான வழக்கு கூடினால் குற்றம் கூடிவிட்டது என்று நினைப்போம். கதவு திறந்ததால் கூடியிருக்கலாம். 1992-இலேயே அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தொடங்கிய நம் மாநிலத்தில் இதைக் கேட்க நிறைய இருக்கிறது.

அப்புறம் மேரிலாந்து அளவுகோலைக் கற்றுக்கொள்ளுங்கள். ஓர் ஆய்வு எவ்வளவு நம்பத்தக்கது என்று 1 முதல் 5 வரை தரம் பிரிக்கும். ஒப்பீட்டுக் குழுவே இல்லாதது கீழே, குலுக்கல் முறையில் செய்தது 5. பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கேம்பெல் கூட்டமைப்பின் தொகுப்பு ஆய்வுகளும், பிரிட்டனின் காவல் பணிக்கான அமைப்பான காலேஜ் ஆஃப் போலீசிங் வைத்திருக்கும் குற்றக் குறைப்புத் தொகுப்பும் இலவசம். குறிப்புகளைச் சேர்த்து வைக்க ஸோடெரோ என்ற மென்பொருள், வரைபடத்துக்கு கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள். இரண்டுக்கும் காசு வேண்டாம்.

நான்காம் படி: விண்ணப்பம்

ஆய்வு முன்மொழிவை இரண்டு மூன்று பக்கத்தில் எழுதுங்கள். கேள்வி, ஏற்கெனவே தெரிந்தது, எப்படி அளப்பீர்கள், தரவு எங்கிருந்து வரும், என்ன தடை வரலாம். விண்ணப்பிக்கும் முன்பே அந்தத் துறையில் எழுதுகிற பேராசிரியருக்கு ஒரு சின்ன மின்னஞ்சல் அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியல், டிரான்ஸ்கிரிப்ட் வாங்க நாளாகும். கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பாரதிதாசன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் திருச்சிக்கு முன்கூட்டியே எழுதிப்போட்டுவிடுங்கள். ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் பல பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் 6.5 கேட்கின்றன.

ஐந்தாம் படி: அனுமதியும் தரவும்

காவல் துறையில் இருப்பவர்கள் மேற்படிப்புக்குத் துறை அனுமதி வாங்கியே சேர வேண்டும். ஸ்டேஷன் ஆவணத்தைப் பயன்படுத்த மாவட்ட எஸ்.பி.யின் எழுத்துப்பூர்வ அனுமதி தனியாக வேண்டும். ரைட்டர் நண்பர்தான், பொதுநாட்குறிப்பைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார் என்று தயவுசெய்து போகாதீர்கள். அவருக்கும் ஆபத்து, உங்கள் ஆய்வும் செல்லாது.

வெளியாட்களுக்கும் வழி இருக்கிறது. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அந்தரங்கமான வழக்குகள் தவிர்த்து எஃப்.ஐ.ஆர்.கள் இணையத்தில் ஏற்றப்படுகின்றன. மாதவாரி எண்ணிக்கையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் செலுத்திக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.

தரவைக் கையில் எடுத்ததும் இரண்டு பள்ளங்களைக் கவனியுங்கள். 2020-இல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை தனி மாவட்டமானது. அதற்கு முன்னும் பின்னுமான நாகை எண்ணிக்கையை அப்படியே வரைந்தால் குற்றம் சரிந்தது போலத் தெரியும். ஸ்டேஷன்வாரியாகக் கூட்டிப் பாருங்கள். அடுத்து, 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. திருட்டு 379-லிருந்து 303(2)-க்குப் போனது; அலட்சியத்தால் மரணம் 304ஏ-யிலிருந்து 106(1)-க்கு. பழைய எண்ணை மட்டும் தேடினால் அந்த ஜூலையோடு திருட்டே ஒழிந்துவிட்டதாகக் கணினி காட்டும்.

ஆறாம் படி: நெறிமுறைக் குழு

பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தராமல் ஒருவரிடமும் பேட்டி எடுக்கக் கூடாது. காக்கிச் சட்டை போட்டவர் கேட்டால் நம் ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சீருடையில்லாமல், முடிந்தால் உங்கள் எல்லைக்கு வெளியே, மறுத்தால் ஒன்றும் ஆகாது என்று தமிழில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். பெயரை எடுத்துவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். நூறு வீடு உள்ள கிராமத்தில் அந்த ஆண்டு ஒரே ஒரு பெண் புகார் கொடுத்திருந்தால், பெயர் போடாமலே ஊருக்குத் தெரிந்துவிடும். கிராமத்தின் பெயரையும் மாதத்தையும் மாற்றுங்கள், அல்லது பல கிராமங்களைச் சேர்த்து எழுதுங்கள்.

ஏழாம் படி: நேரம்

பிரிட்டனில் மாலை ஆறு மணி வகுப்பு என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு பதினொன்றரை. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பத்தரை. பதிவு செய்த வகுப்பு கிடைக்குமா என்று சேரும் முன்பே கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போகும். வழிகாட்டியுடனான சந்திப்புகளுக்கு மொபைல் டேட்டாவும் சார்ஜ் ஏற்றிய பவர்பேங்கும் தயாராக இருக்கட்டும்.

எட்டாம் படி: எழுதுவது

ஆய்வை எப்படிச் செய்தோம் என்று சொல்லும் முறையியல் அத்தியாயத்தை முதலில் எழுதிவிடுங்கள். தரவு எடுக்கும்போதே எழுதினால் எதையும் மறக்க மாட்டீர்கள். எதை அளக்கப் போகிறோம் என்பதைத் தரவைப் பார்க்கும் முன் வழிகாட்டிக்கு அனுப்பித் தேதியோடு பதிவு செய்துகொள்ளுங்கள். பலன் இல்லை என்று முடிவு வந்தாலும் அதே மரியாதையோடு எழுதுங்கள். கான்சாஸ் சிட்டி முடிவு அப்படிப்பட்டதுதான்.

ஆங்கிலத்தில் ஆய்வேடு சமர்ப்பித்த கையோடு தமிழில் இரண்டு பக்கம் எழுதி, அனுமதி கொடுத்த எஸ்.பி. அலுவலகத்துக்கும் அந்த ஸ்டேஷனுக்கும் கொடுங்கள். என்ன செய்தோம், எந்தெந்த ஊரில், என்ன எண்ணினோம், எவ்வளவு மாறியது, எதை இந்த ஆய்வால் சொல்ல முடியாது என்பதை அந்த வரிசையிலேயே எழுதினால் போதும். குறுவை அறுவடை தொடங்குவதற்கு முன்னால் அவர்கள் கையில் இருந்தால் அந்தப் பருவத்திலேயே பயன்படுத்தலாம்.